உடைந்ததாக எழுதிய குப்பிகள்

ஜெபா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. அப்பா ஜவுளிக்கடை வேலைக்குப் போயிருந்தார். மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை அப்படியே வைத்துவிட்டு, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அடுக்களை வாசலிலேயே உட்கார்ந்து படித்தேன். லில்லியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறாய். நெய்யாற்றின்கரை ஆலயத்து மரத்தடியில், அவளுடைய அண்ணன் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருக்க, பதினேழு வயதில் நீ என்னவாக இருந்தாய், எதைத் திருடினாய், எதை உன் கையில் குத்திக்கொண்டாய் என்று ஒன்று விடாமல் சொன்னாயாம். அவள் நான்கு நாள் யோசிக்க வேண்டும் என்றாளாம். ஐந்தாம் நாள் 'சரி' என்று எழுதிவிட்டாளாம். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கிறது. அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. சபையில் ஒருவருக்கும் இந்த விஷயம் தெரியாது, எறணாகுளத்தில் உன்னோடு வேலை செய்கிறவர்களுக்கும் தெரியாது. சொல்லாமல் இருந்திருந்தால் உன்னை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் போய்ச் சொல்லியிருக்கிறாய். உன்னைப் பெற்றவள் நான்தான், ஆனால் இந்தத் தைரியம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. நிச்சயமாக என்னிடமிருந்து வரவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. 'என்னாலதான் அம்மாவுக்கு வேலை போச்சு என்பதையும் சொல்லிவிட்டேன்' என்று. அதை மூன்று தடவை படித்தேன். அது உண்மை இல்லை, மகனே. உன்னால் என் வேலை போகவில்லை. ஒன்பது வருஷமாக நீ அப்படி நம்பிக்கொண்டிருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். முதல் சம்பளத்தில் எனக்குச் சேலை வாங்கி வந்து, தலை குனிந்தபடி நீட்டினாயே, அன்றைக்கும் தெரியும். நான்தான் உன்னை அப்படி நம்ப விட்டேன். இப்போது நீ அதை உன் மனைவியாகப் போகிறவளிடமும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாய். இனியும் நான் சும்மா இருந்தால், எனக்கும் கர்த்தருக்கும் நடுவில் பேச ஒன்றும் மிச்சம் இருக்காது.

ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் வரும், பொறுத்துக்கொள்.

கல்லூரியில் பிரீடிகிரி முதல் வருஷம் பந்து விளையாடப் போன இடத்தில் உன் முழங்கால் திருகிப்போனது. நான் வேலை பார்த்த நர்ஸிங் ஹோமிலேயே டாக்டரம்மா ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்தார். முதல் நான்கு நாள் பெத்திடின் ஊசி போட்டோம். வலியை அடக்கும் மருந்து. சுண்டுவிரல் நீளக் கண்ணாடிக் குப்பியில் வரும். அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும், ஒவ்வொரு குப்பிக்கும் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்தாம் நாள் டாக்டரம்மா, இனி மாத்திரை போதும் என்று வீட்டுக்கு அனுப்பினார். வீட்டுக்கு வந்த பிறகு நீ தலையணையைக் கடித்துக்கொண்டு முனகினாய். எத்தனையோ பேர் முனகக் கேட்டவள் நான். என் பிள்ளை முனகுவதைக் கேட்க முடியவில்லை. ஒரு நோயாளிக்கு வாங்கி மிச்சமாகிப்போன இரண்டு குப்பிகள் என் பையில் இருந்தன. டாக்டரம்மாவிடம் கேட்காமல் அன்றைக்கு ஒன்றும் மறுநாள் ஒன்றும் போட்டேன். இரண்டாவது ஊசிக்குப் பிறகு நீ என்னைப் பார்த்துச் சிரித்து, "அம்மா, பஞ்சுக்க மேல கெடக்கது மாதிரி இருக்கு" என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. என் கை எவ்வளவு நல்ல கை என்று நினைத்துக்கொண்டேன். லில்லியிடம் இதைச் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய். உன் கதையை நீ திருட்டிலிருந்துதான் ஆரம்பித்திருப்பாய். அது தொடங்கியது என் கையில்.

பிறகு கால் சரியாகிவிட்டது, ஆனால் நீ மைதானத்துக்குப் போகவில்லை. பங்குனி வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டாய். குளிக்கப் போனால் முக்கால் மணி நேரம் கதவு திறக்காது. சோற்றைப் பிசைந்துகொண்டே உறங்கிவிடுவாய். எழுப்பினால் எரிந்து விழுவாய். அப்பா உன் கல்லூரிக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்து, பாதி நாள் வகுப்புக்கே வரவில்லையாம் என்று சொல்லி, குடைக் கம்பால் உன்னை அடித்தார். நீ கையைக்கூடத் தூக்கவில்லை, அதைப் பார்த்துத்தான் அவர் பயந்துபோனார். "இவன் கோவளத்துல அந்தச் சாயிப்புமாரு கூடயாக்கும் சேர்க்கை. கஞ்சாதான் இது, வேற ஒண்ணும் இல்ல" என்றார். வெள்ளைக்காரப் பையன்களும் பெண்களும் தலைமுடியை வளர்த்துக்கொண்டு கோவளத்தில் கூட்டம் கூட்டமாகக் கிடந்த காலம் அது. ஊரில் எந்தப் பிள்ளை கெட்டாலும் பழி அவர்கள் மேல்தான் போகும்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த கையோடு, அப்பா கோவளத்துக்குப் பஸ் ஏறிப் போனார். உன் எஸ்.எஸ்.எல்.சி. போட்டோவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஜவுளிக்கடை வேட்டியும் சட்டையுமாக, மணலில் கிடந்த ஒவ்வொருவரிடமும் போய், தனக்குத் தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தையில், இந்தப் பையனைப் பார்த்தாயா, இவனுக்கு நீதான் கொடுக்கிறாயா என்று கேட்டிருக்கிறார். ஒருவன் அவருக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தானாம். வேட்டி நுனியெல்லாம் மணலோடு திரும்பி வந்து, "ஒருத்தனும் அறியல்லன்னு சொல்லுதான்" என்று உட்கார்ந்தார். அவர் முதல் தடவை போனபோது எனக்கு ஒன்றும் தெரியாது. இரண்டாவது, மூன்றாவது தடவை போனபோது எனக்கு எல்லாம் தெரியும். "வெயிலாக்கும், குடை எடுத்துக்கிடுங்க" என்று குடையை நானே எடுத்துக் கொடுத்து அனுப்பினேன்.

ஆமாம், எனக்குத் தெரியும். நீ என்னிடம் வந்து சொல்வதற்கு மூன்று வாரம் முன்பே தெரியும். ஒரு சனிக்கிழமை காலையில் அலமாரியைத் திறந்து எண்ணினேன், ஒரு குப்பி குறைந்தது. இன்சார்ஜ் சிஸ்டர் என்பதால் ஒரு சாவி எப்போதும் என்னிடமே இருக்கும். வீட்டுக்கு வந்தவள் நேராக உன் மேசைக்குப் போனேன். ஏன் அங்கே போனேன் என்று கேட்காதே. ஜியோமெட்ரி பெட்டிக்குள், கவராயத்துக்கு அடியில், காகிதத்தில் சுற்றி வைத்திருந்தாய். குப்பியும் ஊசியும். பார்த்தேன். சுற்றினபடியே சுற்றி, வைத்தபடியே வைத்துவிட்டு, அரிசி களையப் போனேன். மறுநாள் வார்டுப் புத்தகத்தில் 'கை தவறி உடைந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆறு நாள் கழித்து இன்னொன்று குறைந்தது. அதற்கும் அதையே எழுதினேன். அதற்கு முன் மாதக்கணக்காக நீ சாலைக் கடைத்தெருவில் காசு கொடுத்து வாங்கினாய், காசு தீர்ந்த பிறகுதான் என் சாவியோடு, சோறு கொண்டுவரும் சாக்கில் அலமாரிக்கு வந்தாய் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சாவியை அரிசிப் பானைக்குள் ஒளித்தேன், முந்தானையில் முடிந்தேன், ஜெபம் பண்ணினேன். உன்னிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் நீ ஆமாம் என்று சொல்லிவிடுவாய் என்று பயம். நீ சொல்லாதவரை அது நடக்காதது போலவே இருந்தது எனக்கு.

அந்தச் சமயத்தில்தான் தங்கையாவைக் கொண்டுவந்தார்கள். கல்லாற்றுக்கு மேலே பொன்முடி மலைப்பாதையில் ரோடு வேலை பார்த்தவர், திருநெல்வேலிப் பக்கத்து ஆள். பாறை உருண்டு வலது காலில் விழுந்து, முழங்காலுக்குக் கீழே தோலும் சதையும் போய்விட்டது. வித்துரா ஆஸ்பத்திரியில் முதல் கட்டுப் போட்டு, காண்டிராக்டர் ஜீப்பில் எங்களிடம் அனுப்பினார். காலை எடுக்காமல் காப்பாற்றிவிடலாம் என்று டாக்டரம்மா நம்பினார். அதற்குத் தினமும் கட்டைப் பிரித்து, அழுகினதைச் சுரண்டி எடுத்து, புதுக் கட்டுப் போட வேண்டும். ஒரு நாள் விட்டாலும் சீழ் ஏறிவிடும். பெத்திடின் போட்டுக் கால் மணி நேரம் கழித்துத்தான் கட்டில் கை வைப்போம். அப்படியும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார். துணைக்கு ஒருவரும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அலமாரியைத் திறந்தேன். ஐந்து குப்பி இருக்க வேண்டிய பெட்டி காலியாக இருந்தது. டாக்டரம்மா உள்ளே வந்து, "சிஸ்டரே, பெத்திடின் எடுத்தாச்சா?" என்றார். பதினோரு வருஷம் என்னை நம்பினவர். "டாக்டர், நேத்து பெட்டி கை தவறிக் கீழ விழுந்துபோச்சு" என்றேன். "எல்லாமா?" "எல்லாம்." அவர் என் முகத்தைப் பார்த்தார். "சாரமில்ல, போனது போச்சு. இது லைசென்ஸ் மருந்தாணு, திங்களாழ்ச்சைக்கு முன்ன கிட்டாது. டிரெஸ்ஸிங்க நிறுத்தவும் முடியாது. அந்த ஆள்கிட்ட சொல்லுங்க" என்றார். மாத்திரை இரண்டைக் கொடுத்துவிட்டு, தங்கையாவிடம் மருந்து தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். "அதுக்கென்ன செய்ய, போடுங்க சிஸ்டர்" என்றார். கட்டைப் பிரிக்க ஆரம்பித்ததும் அவரிடமிருந்து வந்த சத்தத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நடுவில் ஒருமுறை, என் கண்ணைப் பார்த்து, "நீங்க அழாதீய சிஸ்டர்" என்றார்.

நான் மறந்துவைத்துப் போன சோற்றுப் பாத்திரத்தை அப்பா உன்னிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். நீ வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாய். ஆயா பிறகு என்னிடம் சொன்னாள். "எந்துக்கு அந்த ஆளு இப்படிக் கத்தி நிலவிளிக்குது?" என்று நீ கேட்டாயாம். "வேதனைக்கு மருந்தில்ல மோனே" என்றாளாம். நீ பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாயாம். டிரெஸ்ஸிங் முடிகிறவரை எழுந்து போகவில்லையாம். காதையும் பொத்திக்கொள்ளவில்லையாம்.

டூட்டி முடிந்து வந்தபோதும் நீ மாடிப்படியில் இருந்தாய். பழவங்காடி வரை நடந்தோம். பிள்ளையார் கோவில் முன்னால் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் நீ என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய். "அம்மா, அந்த ஆளுக்க மருந்த நானாக்கும் எடுத்தேன்." நான் என்ன செய்தேன் என்று உனக்கு நினைவிருக்கும். "என்ன மக்களே சொல்லுத" என்று நெற்றியில் அடித்துக்கொண்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டேன். அத்தனையும் நடிப்பு. நீ என்னைத் தாங்கிப் பிடித்து, "மன்னிச்சிருங்கம்மா, மன்னிச்சிருங்க" என்று அழுதாய். மூன்று வாரமாகத் தெரிந்தவளிடம் நீ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாய். நான் சொன்னேன்: "திங்கக்கிழம மருந்து வந்துரும். நீ இனித் தொடாண்டாம், யாருகிட்டயும் சொல்லாண்டாம். எல்லாம் சரியாயிரும்." நீ கண்ணைத் துடைத்துவிட்டுக் கேட்டாய். "நாளைக்கும் அந்த ஆளுக்கு டிரெஸ்ஸிங் உண்டும்லா?"

இனி எழுதப்போவதுதான் நீ அறியாதது. வீட்டுக்கு வந்ததும் நீ ஜியோமெட்ரி பெட்டியைத் திறந்து, மிச்சம் இருந்த இரண்டு குப்பிகளை என் கையில் வைத்தாய். "ஒண்ணு நாளைக்கு, ஒண்ணு ஞாயித்துக்கிழமைக்கு. அந்த ஆளுக்குப் போட்டுருங்க" என்றாய். அப்போதே உனக்கு மூக்கு ஒழுகத் தொடங்கியிருந்தது, கையில் மயிர்க்கால் குத்திட்டு நின்றது. எட்டு மாதம் பழகின உடம்பு அதைக் கேட்டுக் கத்த ஆரம்பித்திருந்தது. அந்த நேரத்தில் அதைக் கையை விட்டுக் கொடுப்பது என்றால் என்ன என்று நர்ஸான எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். மறுநாள் காலை, "வீட்டில் வைத்த மருந்து கெட்டுப்போயிருக்கும், ஆளுக்குப் போடக் கூடாது" என்று உன்னிடம் சொன்னேன். நீ நம்பினாய். அந்த மருந்துக்கு ஒரு கேடும் இல்லை, ஜெபா. எல்லாம் உடைந்துவிட்டது என்று டாக்டரம்மாவின் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தேன். இரண்டு குப்பியோடு போய் நின்றால் இது எங்கிருந்து வந்தது என்று கேட்பார். நீ குளித்துக்கொண்டிருந்தபோது கொல்லைப்புறத்துத் துணி துவைக்கிற கல்லில் வைத்து அவற்றை உடைத்தேன். உடைந்ததாக எழுதினதெல்லாம் பொய். அந்த இரண்டை மட்டும் நிஜமாகவே உடைத்தேன். சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் தங்கையா பட்ட வலி முழுக்க முழுக்க என்னுடையது. உனக்கு அதில் பங்கில்லை.

சனிக்கிழமை, நானும் உங்களோடு வருவேன் என்றாய். அப்பாவிடம் உனக்குப் புளூக் காய்ச்சல், டாக்டரம்மாவிடம் காட்ட வேண்டும் என்று சொன்னேன். நான் தடுப்பதற்குள் நீ தங்கையாவின் அறைக்குள் போய்விட்டாய். நான் கதவருகே நின்றேன். போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"அண்ணாச்சி, நேத்து உங்களுக்குப் போட வேண்டிய மருந்த நான் திருடிட்டேன். எனக்கே குத்திக்கிட்டேன்" என்றாய்.

அவர் தலையைத் திருப்பி உன்னைப் பார்த்தார். "எம்புட்டு நாளா?"

"எட்டு மாசமாச்சு."

"இப்ப?"

"நேத்துலயிருந்து இல்ல."

"அதான் இப்படி நடுங்குதியோ?"

"ஆமா."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பாறை உருண்டப்ப எனக்கு மேல ஒருத்தன் கடப்பாரை போட்டுக்கிட்டு நின்னான். சொல்லாமக் கொள்ளாம நெம்பிட்டான். விழுந்து கெடக்கேன், அவன் ஓடிட்டான். இன்னை வரைக்கும் மூஞ்சியக் காட்டல. நீ வந்து நிக்க." பிறகு, "நின்னுட்டுப் போயிராத. நேத்து கட்டுப் பிரிக்கையில எனக்குப் பிடிக்க ஒண்ணும் கெடைக்கல, இந்தக் கட்டில் கம்பிதான். கையக் குடு" என்றார்.

நீ கையைக் கொடுத்தாய். அன்றைய டிரெஸ்ஸிங் நாற்பது நிமிஷம். ஒரே மருந்துக்காகத் தவித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கிடந்ததை நான் இடுக்கியும் பஞ்சுமாக நின்று பார்த்தேன். அவர் வலியில் நடுங்கினார், நீ மருந்து இல்லாமல் நடுங்கினாய். யார் நடுக்கம் யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. உன் விரல்கள் வெளுத்துப்போயின. உன் முகத்திலிருந்து வேர்வை சொட்டி அவர் நெஞ்சில் விழுந்தது. இருபது வருஷ ஆஸ்பத்திரி வாழ்க்கையில் எத்தனையோ பார்த்தவள் நான். பிரசவம் பார்த்திருக்கிறேன், சாவு பார்த்திருக்கிறேன். மனுஷன் என்றால் இவ்வளவு பெரிய விஷயமா என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தோன்றியது. அந்த அறையில் நிற்க எனக்குத் தகுதி இல்லை என்றும் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை உனக்கு இன்னும் மோசம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு சுருண்டு கிடந்தாய். வர வேண்டாம் என்றேன். "அண்ணாச்சி பாத்துக்கிட்டு இருப்பாரு" என்று எழுந்து வந்தாய். டிரெஸ்ஸிங்குக்கு நடுவில் ஓடிப்போய் வாந்தி எடுத்துவிட்டு, முகம் கழுவி, திரும்பி வந்து கையைக் கொடுத்தாய். அவர் பல்லைக் கடித்துக்கொண்டே உனக்குக் கல்லாற்றுத் தண்ணீரைப் பற்றிச் சொன்னார், கால் வைத்தால் முழங்கால் வரை மரத்துப்போகுமாம். யார் யாரைத் தேற்றினீர்கள் என்று எனக்குப் புரியவில்லை.

திங்கட்கிழமை காலை மருந்து வந்துவிட்டது. ஊசியைக் கொதிநீரிலிருந்து எடுத்து, குப்பியின் கழுத்தை அறுத்து மருந்தை ஏற்றினேன். திரும்பினபோது உன் கண் அந்த ஊசியின் மேல் இருந்தது. உன் முகம் போன போக்கை நான் மட்டும் பார்க்கவில்லை, தங்கையாவும் பார்த்துவிட்டார். "சிஸ்டர், இன்னைக்கும் ஊசி வேண்டாம். மூணு நாள் தாங்கிட்டேன், இதையும் தாங்கிக்கிடுதேன்" என்றார். டாக்டரம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உனக்கு விளங்கிவிட்டது. உன் கண்ணெதிரே அது ஏற வேண்டாம் என்று அவர் தன் காலை இன்னொரு தடவை கொடுக்கத் துணிந்தார்.

நீ சொன்னாய்: "வேண்டாம் அண்ணாச்சி, போட்டுக்கிடுங்க. அம்மா, போடுங்க." சொல்லிவிட்டு அவர் சட்டைக் கையை நீயே மேலே சுருட்டினாய். ஸ்பிரிட் பஞ்சை எடுத்து, அவர் புஜத்தில் நீயே துடைத்தாய். உன் கை நடுங்கவில்லை. கால் மணி நேரத்தில் அவர் முகம் தளர்ந்தது, மூன்று நாளாக இறுகியிருந்த தாடை விட்டுக்கொடுத்தது. அந்த சுகம் எப்படிப்பட்டது என்று அந்த அறையில் உனக்குத்தான் தெரியும். அது இன்னொருவர் முகத்தில் பரவுவதை நீ அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு என்னைப் பார்த்து, "இனி தொடங்குங்க" என்றாய்.

அன்றைக்கு மத்தியானம் நீ டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லப்போகிறேன் என்றாய். உன்னை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நான் உள்ளே போனேன். நீ எடுத்ததைச் சொன்னேன். நான் எழுதியதைச் சொன்னேன். அந்த இரண்டு குப்பியையும் சொன்னேன். அவர் புத்தகத்தைத் திறந்து என் கையெழுத்தைப் பார்த்தபடி சொன்னார்: "பையன் எடுத்தது எனக்கு மனசிலாகும். அவன் தீனக்காரன், அவனுக்குச் சிகில்சை வேணும், நானே பார்க்கிறேன். நீங்க அம்மையாணு, பொய் எழுதினதும் மனசிலாகும். ஆனா திரும்பி வந்த மருந்த உடைச்சிட்டு வந்து, அந்த ஆளோட காலச் சுரண்டினீங்களே சிஸ்டர். அதுக்கு அப்புறம் உங்க கையில நான் எப்படி ஒரு நோயாளியக் கொடுக்கும்?" போலீசுக்குப் போகவில்லை. சொன்னபடியே உனக்கு ஒரு வருஷம் வைத்தியம் பார்த்தார், காசு வாங்கவில்லை. என்னை மட்டும் அன்றைக்கே அனுப்பிவிட்டார். நியாயம்தான்.

வெளியே வந்தேன். நீ எழுந்து நின்றாய். "மருந்து காணாமப் போனதுக்காக என்னைய நிறுத்திட்டாங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நீ என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாய். நான் உன் தலையைத் தடவிக்கொடுத்தேன். அன்றிரவு அப்பாவிடமும் நீயே போய்ச் சொன்னாய். நான் மட்டும் மிச்சத்தைச் சொல்ல வாய் திறக்கவில்லை. அன்றைக்குச் சொல்லாதது ஒரு வாரம் ஆயிற்று, ஒரு வருஷம் ஆயிற்று. நீ அந்தப் பாரத்தால்தான் மருந்தைத் தொடாமல் இருக்கிறாய், அதை எடுத்துவிட்டால் விழுந்துவிடுவாய் என்றெல்லாம் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். ஐந்தாம் மாதம் நீ ஒருமுறை விழத்தான் செய்தாய். சாலைக் கடைத்தெருவில் யாரிடமோ மாத்திரை வாங்கித் தின்றுவிட்டு இரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை. மூன்றாம் நாள் நீயாகவே வந்து, அப்பா முன்னால் நின்று, "திரும்பவும் செஞ்சிட்டேன், டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றாய். அப்பா குடையைத் தேடவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு உன்னோடு நடந்தார். நீ எழுந்தது ஒவ்வொரு தடவையும் உண்மையைச் சொல்லித்தான். உன் பாரம் உன்னைத் தாங்கவில்லை.

தங்கையா இரண்டு மாதம் கழித்துக் கோலை ஊன்றிக்கொண்டு தன் காலாலேயே நடந்து போனாராம். நீதான் பஸ் ஏற்றிவிட்டு வந்து சொன்னாய். நான் அவரைப் பார்க்கப் போகவில்லை. அந்த இரண்டு குப்பிகளைப் பற்றி அவருக்கு இன்றுவரை தெரியாது. பதினேழு வயதில் நீ நடந்து கடந்த அந்த அறை வாசலை, நாற்பத்திரண்டு வயதில் என்னால் கடக்க முடியவில்லை.

புத்தி கேட்கும் வயது உனக்கும் இல்லை, சொல்லும் தகுதி எனக்கும் இல்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். உனக்கும் லில்லிக்கும் பிள்ளைகள் பிறக்கும். பிள்ளை முனகும்போது சும்மா இருப்பது கஷ்டம். பிள்ளை தப்புச் செய்யும்போது அதன் முகத்தைப் பார்த்துக் கேட்பது அதைவிடக் கஷ்டம். கேட்டுவிடு. மூடி மறைப்பதைப் பாசம் என்று நினைத்துவிடாதே. நான் மூடினது உன்னைக் காப்பாற்றவில்லை, வேறொருவர் காலில் போய் விழுந்தது. நீ திறந்து சொன்னதுதான் உன்னைக் காப்பாற்றியது, அந்த மனுஷனையும் ஏதோ ஒரு விதத்தில் காப்பாற்றியது. உன்னை நான் பெற்று வளர்த்தேன் என்று ஊரில் சொல்வார்கள். சமயங்களில் உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும்போது, யார் வீட்டுப் பிள்ளையோ நம்மிடம் வந்து தங்கியிருக்கிறது என்று தோன்றி, எழுந்து நிற்க வேண்டும்போல இருக்கும்.

இந்தக் கடிதத்தை லில்லியிடம் கொடு. அவளும் படிக்கட்டும். நான்கு நாள் அல்ல, எத்தனை நாள் வேண்டுமானாலும் யோசிக்கட்டும், நான் காத்திருப்பேன்.

மூன்று நாளாக எழுதுகிறேன். அப்பா கடையிலிருந்து வந்துவிட்டார். இவ்வளவு நீளமாக அவனுக்கு என்னதான் எழுதுகிறாய் என்று கேட்டார். கோவளத்துக்குக் குடையைக் கொடுத்து அனுப்பினவளிடம் கேட்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. வாசித்துக் காட்டுகிறேன், உட்காருங்கள் என்றேன். ரேடியோவை அணைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எனக்கு எதிரே வந்து உட்கார்ந்திருக்கிறார்.

அம்மா